ஊரிலிருந்து திரும்புவோர் சிங்கப்பூர்ச் சுங்கச் சோதனைக்கு ஆயத்தமாவது எப்படி?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பு நாடுகளுக்கிடையே தடையற்ற வணிகம் நடக்கிறது, இந்தியாவுடனும் 2005 முதல் பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு நடப்பில் இருக்கிறது. பிறகு ஜொகூர் பாருவிலோ சென்னையிலோ வாங்கிவரும் பொருளுக்கு எதற்கு வரி என்று பலர் கேட்கின்றனர். ஆசியான், ஐரோப்பிய ஒன்றியத்தைப் போன்ற சுங்க ஒன்றியம் அன்று. ஒவ்வொரு நாடும் தன் எல்லையில் தானே சோதனை நடத்துகிறது. மேலும், இவ்வுடன்பாடுகள் குறைப்பது இறக்குமதிக்கான சுங்கத் தீர்வையைத்தான், பொருள் சேவை வரியை (ஜிஎஸ்டி) அன்று. மதுபானம், புகையிலை, மோட்டார் வாகனம், எரிபொருள் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டுமே சிங்கப்பூர் தீர்வை விதிப்பதால், நம் பெட்டிக்கு வரும் கணக்கு பெரும்பாலும் 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரியே.

முதலில் வெளிநாட்டில் தங்கிய நேரத்தைக் கணக்கிடுங்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான புதிய பொருள்களுக்கும், அதற்குக் குறைவாகத் தங்கியிருந்தால் 100 வெள்ளி வரையிலான பொருள்களுக்கும் வரி இல்லை. உறவினர் கொடுத்தனுப்பும் அன்பளிப்பும் இக்கணக்கில் சேரும். விற்பனைக்காகக் கொண்டுவரும் சரக்குக்கு இச்சலுகை கிடையாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலை அனுமதி அட்டை, வேலை அனுமதிச் சீட்டு, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை, நீண்டகால வருகை அட்டை ஆகியவற்றை வைத்திருப்போருக்கு இந்தச் சலுகை அறவே இல்லை. ஓராண்டு உழைத்துவிட்டு ஊருக்குப் போய்வரும் தம்பிமாரிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நகையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரம் ஊரில் தங்கிய சிங்கப்பூரர் ஒருவர் 1,200 வெள்ளி மதிப்புள்ள புதுச் சங்கிலியுடன் திரும்பினால், 500 வெள்ளி கழிந்து எஞ்சிய 700 வெள்ளிக்கு 63 வெள்ளி வரி கட்ட வேண்டும். அதே சங்கிலியை வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர் கொண்டுவந்தால் முழு மதிப்புக்கும் 108 வெள்ளி ஆகும். கடை ரசீதைக் கைப்பையில் வையுங்கள். இங்கிருந்தே அணிந்து சென்ற பழைய நகைக்கும் வாங்கிய ரசீதின் படம் கைப்பேசியில் இருந்தால் விளக்கம் சொல்வது எளிது.

வரி கட்ட வேண்டியிருந்தால் சுங்கத்துறையின் இணையச் சேவை வழியே வருவதற்கு முன்பே அறிவித்துக் கட்டிவிடலாம். அவ்வாறு செய்தவர்கள் ரசீதுடன், அறிவிக்க ஏதும் இல்லாதோர் செல்லும் பச்சைத் தடத்திலேயே வெளியேறலாம். வரி கட்ட வேண்டிய மற்றவர்கள் சாங்கி விமான நிலையமானாலும் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளானாலும், அறிவிப்போருக்கான சிவப்புத் தடத்துக்குச் சென்று தாமாகவே சொல்ல வேண்டும். ஐயம் இருந்தாலும் சிவப்புத் தடமே சரி; அதிகாரி கேட்ட பிறகு சொல்வது அறிவிப்பு ஆகாது. 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட ரொக்கத்தையும் அறிவித்தாக வேண்டும்.

சிகரெட்டுக்கு ஒரு குச்சிக்குக்கூடச் சலுகை இல்லை; மின்சிகரெட் முற்றிலும் தடை. மலேசியாவிலிருந்து வருவோருக்கு மதுபானச் சலுகை கிடையாது.

நம் வீட்டுப் பெண்கள் அறியாமல் மாட்டிக்கொள்ளக்கூடிய பொருள் கசகசா. குருமாவுக்கு அரைப்பதற்கென்று அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும், அதில் மார்ஃபின் கலந்திருக்கக்கூடும் என்பதால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அனுமதியின்றி அதைக் கொண்டுவரக் கூடாது. அதற்குப் பதில் முந்திரியை அரைத்துக்கொள்ளுங்கள். ஊர் மருந்துக்கடையில் வாங்கும் சில இருமல் மருந்துகளிலும் வலி மாத்திரைகளிலும் கோடீன் என்னும் போதைத்தன்மையுள்ள மருந்துப்பொருள் இருக்கும். அத்தகைய மருந்து தேவைப்படுவோர் மருத்துவரின் சீட்டுடன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் பயணத்துக்கு முன்பே அனுமதி பெற வேண்டும். வழக்கமான சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவுக்குள், கடை அட்டையைப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள்.