செட்டிநாட்டில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு: எஸ்யூவியின் முன் பம்பரை வீட்டிலேயே மாற்ற

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பல காலம் இருந்துவிட்டுக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குடிவந்திருக்கிறீர்களா? உங்கள் வண்டியின் முன் பம்பர் சீக்கிரமே அடிபடலாம். அந்தி நேரத்தில் மாடு குறுக்கே வரும், வேகத்தடையில் வெள்ளைக்கோடு அழிந்திருக்கும், மாட்டுவண்டிக் காலத்துப் பின்வாசல் எஸ்யூவிக்கு இடம் கொடுக்காது.

எதையும் கழற்றும் முன்பே படம் எடுத்துவிட்டு இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் செய்யுங்கள். பிரித்துப் போட்ட வண்டியைச் சர்வேயர் பார்த்தால் கிளெய்ம் சிக்கலாகும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத வசதி) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்கு 20இல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் போனஸும் (பிரீமியத் தள்ளுபடி) போய்விடும். அதனால் வெறும் பம்பர் என்றால் கைக்காசு போட்டு மாற்றுவதே பல நேரம் லாபம்.

வேலைக்குப் பின்கட்டு முற்றம் போதும். கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள், ஏர்பேக் சென்சார் முன்பக்கம்தான் இருக்கும். பானெட்டுக்கு அடியில் கிளிப்புகளும் பத்து நம்பர் போல்ட்டுகளும், இரு சக்கர வளைவுகளில் ஸ்க்ரூக்களும், வண்டிக்கு அடியில் இன்னும் சிலவும் இருக்கும். நம் ஊர் வெயிலில் காய்ந்த கிளிப் தொட்டாலே ஒடியும், புதிதாகக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களை வெளிப்பக்கமாக விலக்கி, ஃபாக் லைட், பார்க்கிங் சென்சார் வயர்களைப் பிடுங்கிவிட்டுத்தான் முன்னால் இழுக்க வேண்டும்.

இப்போது நிதானமாக உள்ளே பாருங்கள். நீங்களே கழற்றச் சொல்வது இதற்காகத்தான். வெளியே தெரிகிற பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. மோதலைத் தாங்குவது அதற்குப் பின்னால் உள்ள ஃபோமும் இரும்புச் சட்டமும். புது உறையை மாட்டிவிட்டால் வளைந்த சட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது, அடுத்த மோதலில் அது உங்களைக் காக்கவும் செய்யாது. சட்டமோ அது பிடித்திருக்கும் இடமோ கோணியிருந்தால், ஏசி கண்டென்சர் நசுங்கியிருந்தால், அதற்கு மேல் வீட்டில் செய்யாதீர்கள், பட்டறைக்கு அனுப்புங்கள். முன்னால் ரேடார் உள்ள மாடல்களை ஷோரூமில் கருவி வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

புது பம்பர் பெரும்பாலும் பிரைமர் என்ற அடிப்பூச்சோடுதான் வரும். வண்டியிலுள்ள ஸ்டிக்கரில் பெயின்ட் நிறக் குறியீடு இருக்கும். மாட்டும் முன்பே அடிக்கக் கொடுங்கள், மூடிய பூத் (பெயின்ட் அடிக்கும் அறை) உள்ள கடையாகப் பாருங்கள். ஆடிக் காற்றில் திறந்தவெளியில் அடித்தால் செம்மண் தூசி பெயின்ட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். காரைக்குடியில் பாகம் கிடைக்காவிட்டால் மதுரை, திருச்சி இரண்டுமே ஏறத்தாழ 90 கி.மீ.தான்.

நம்பர் பிளேட்டையும் கவனியுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு வந்த உயர் பாதுகாப்புப் பிளேட்டின் பூட்டை உடைக்காமல் கழற்ற முடியாது. சாதாரண ஸ்க்ரூ போட்டு ஒப்பேற்றாமல் டீலர் மூலம் முறையாகப் பதியுங்கள்.

“பம்பருக்கு முன்னால் இரும்புத் தடுப்பு கார்டு போட்டுவிடலாம் அண்ணே” என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி அது குற்றம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மோதலின் வேகத்தை அது நேரே சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) கடத்தும், நடந்துபோகிறவர்மேல் பட்டால் அவர் கதி என்ன?

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, ஹெட்லைட் ஓர இடைவெளி இருபக்கமும் ஒன்றாக வந்த பிறகு இறுக்குங்கள்.