வாட்டுத் தொட்டி மின்விசிறிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது எப்படி?

தேயிலைத் தொழிற்சாலையில் பறித்த கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றூதி வாட்டுவது வாட்டுத் தொட்டி. கொழுந்தின் மேலுள்ள ஈரம் போன பிறகும் தொட்டி மின்விசிறி இரவு முழுக்க ஒரே வேகத்தில் ஓடுவது வீண் செலவு. மின்விசிறி இழுக்கும் மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். கருவி மோட்டருக்குப் போகும் மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி வேகத்தைக் குறைக்கும்; அதை 50 ஹேர்ட்ஸிலிருந்து 40க்கு இறக்கினாலே மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கருவி வாங்குமுன் ஒரே ஒரு தொட்டிக்குத் தனி மீட்டர் போடுங்கள். மழைக் கொழுந்தும் வெயில் கொழுந்தும் வந்துபோகும்வரை யூனிட், பச்சை எடை, வாடிய எடை மூன்றையும் எழுதுங்கள். 77 வீத ஈரமுள்ள 100 கிலோ, 57 வீதத்துக்கு வாடினால் சுமார் 53 கிலோ நிற்கும். மின்கணக்குக்கு இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை, வாட்டத்தின் தரத்துக்குத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், கருவிக்கு அதை விற்கும் கம்பனி. மூவரையும் ஒரே நாளில் அந்தத் தொட்டியடிக்கு வரவழையுங்கள். தனித்தனியாக அழைத்தால் ஆளுக்கொரு அறிக்கைதான் மிஞ்சும்.

பொருத்தும்போது மோட்டர் முனையில் மின்தேக்கி இருந்தால் கழற்றிவிடுங்கள்; விட்டுவைத்தால் கருவி அடிக்கடி நின்றுபோகும், எரிந்தும் போகலாம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் (முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) ஓடிய மோட்டரை நிரந்தர டெல்டாவில் இணையுங்கள். கருவி நின்றால் மோட்டரை ஓட்டப் பழைய ஸ்டார்ட்டரை மாற்றுவழியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் மோட்டருக்கு மின் கொடுக்காதபடி இன்டர்லொக் (ஒன்று ஓடும்போது மற்றதைத் தடுக்கும் பூட்டு) கட்டாயம். கருவிப் பெட்டியை வாட்டு மாடிக்கு வெளியே மாட்டுங்கள். கொழுந்துத் தூசி பெட்டியின் காற்று வடிகட்டியை அடைத்தால் கருவி சூடேறி நிற்கும், வாரம் ஒருமுறை தட்டித் துடைக்க வேண்டும். வேகமேற 20 முதல் 30 விநாடி கொடுங்கள். முதல் ஓட்டத்தில் மின்விசிறி சுற்றும் திசையைப் பாருங்கள்.

மேலீரம் போகும்வரை 50 ஹேர்ட்ஸ், பிறகு படிப்படியாக 40. அதற்கும் கீழே இறக்குமுன் கொழுந்தைக் கையால் புரட்டிப் பாருங்கள்: மேலே உள்ள படை பச்சையாகவும் அடியில் உள்ள படை வாடியும் இருந்தால் காற்று போதவில்லை. 30க்குக் கீழே ஓட்டினால் மோட்டரைக் குளிர்விக்கும் அதன் சொந்த விசிறியும் தளரும்; மோட்டர் சூடேறுகிறதா என்று பாருங்கள். ஊவாவில் காற்றடிக்கும் மாதங்களில் சீக்கிரம் இறக்கலாம். ஹட்டன் பக்கத்து ஜூன் மழையில் அவசரப்படாதீர்கள்.

பெரும்பாலும் கெடுவது கருவியல்ல, ஒப்பந்தம். மழை இரவில் கருவி நின்றால் டீமேக்கர் (தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் அலுவலர்) மாற்றுவழிக்குத் திருப்புவார், அது பிறகு அப்படியே கிடக்கும். ஆகவே கருவியின் அமைப்புகளை (settings) மாற்றும் கடவுச்சொல், தமிழில் எழுதிய பிழைக் குறியீட்டு அட்டை, கருவியைக் குளிர்விக்கும் உதிரிக் காற்றாடி மூன்றும் தொழிற்சாலையின் கையில் இருக்கவேண்டுமென எழுதிக்கொள்ளுங்கள். இரவு முறை மின்வேலைக்காரர் கம்பனி ஆள் இல்லாமல் பிழையை நீக்கி ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.