தலைமடை முதல் கடைமடை வரை: முதுகுப்பையோடு காவிரி டெல்டா

வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் டெல்டாவைச் சுற்றிப் பார்க்கும் விதம் எனக்கு நெடுநாள் வருத்தம். திருச்சியில் இறங்குவார்கள், ஏசி காரைப் பிடிப்பார்கள், இரண்டு நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் முடிப்பார்கள். பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வரும். எத்தனை ஆற்றைத் தாண்டினோம் என்று யாருக்கும் தெரியாது. நான் குடமுருட்டிக் கரையில் பிறந்தவள். இருபது வருடத்துக்கு மேலாக வெளிநாட்டில் இருக்கிறேன். வெளிநாட்டில் பிறந்த என் மகளுக்கு இந்த மண்ணைக் காட்ட நினைத்தபோது காரை விட்டுவிட்டோம். ஆளுக்கொரு முதுகுப்பை, டவுன் பஸ், பாசஞ்சர் ரயில், பதினோரு நாள். அதிலிருந்து நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான்: தண்ணீர் போகிற வழியில் போங்கள். கல்லணையில் தொடங்கி, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் முடியுங்கள். வழியில் கோயில்கள் தாமாகவே வரும்.

எப்போது வருவது என்பதை விமான டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, மூட வழக்கமான நாள் ஜனவரி 28. அங்கே திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். ஆனால் எல்லா வருடமும் அப்படி இல்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். அணையில் நீர் இல்லாத 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிப்ரவரியிலிருந்து மே வரை வந்தால் ஆறு என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மணல்தான். "காவிரி எங்கே?" என்று என் மகள் சிறு வயதில் கேட்டது அப்படி ஒரு ஏப்ரலில்தான்.

கனடா, ஐரோப்பாக்காரர்களுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருவது நல்ல பொருத்தம். தண்ணீர் புதுசாக வந்திருக்கும், குறுவை நெல் பச்சையாக நிற்கும், ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி ஆடிப்பெருக்கு. படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடும் பெண்களோடு நீங்களும் நிற்கலாம். யாரும் அந்நியமாகப் பார்க்க மாட்டார்கள். சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு டிசம்பர் தோது. சம்பாப் பயிர் வளர்ந்து நிற்கும், பொங்கல் வரை தங்கினால் அறுப்பும் பார்க்கலாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது விழுந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. அந்த மாதங்களில் வந்தால் பயணத்தில் இரண்டு மூன்று நாளைச் சும்மா விட்டுவையுங்கள். வானிலை மையம் எச்சரித்தால் கடற்கரைப் பக்கம் போகாமல் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ உட்கார்ந்துவிடுங்கள்.

திருச்சி விமான நிலையத்துக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாயிலிருந்து நேரடி விமானம் உண்டு. சென்னைக்குப் போய்ச் சுற்றி வரத் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து டிவிஎஸ் டோல்கேட்டுக்கு வந்தால் தஞ்சாவூர் பஸ் அங்கேயே நிற்கும். ஆனால் நேராகத் தஞ்சாவூர் போகாதீர்கள். ஒரு இரவு திருச்சியில் தங்கி, காலையில் கல்லணைக்குப் போங்கள். சிம் கார்டையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டினால் கிடைக்கும். உள்ளூர்க் கடைகளில் போய் அலைய வேண்டாம்.

கல்லணையில் குறைந்தது அரை நாள் இருங்கள். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் பழைய அணை, மணற்படுகையின் மேல் பாறைகளை அடுக்கி எழுப்பியது. யானை மேல் அமர்ந்த கரிகாலன் சிலையும் அங்கே இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது அணையின் வேலையை. பாலத்தின் மேல் நடந்தால் தண்ணீர் பிரியும் நான்கு தலைப்பு தெரியும்: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். கடைசியாகச் சொன்னதை ஊர்க்காரர்கள் 'புது ஆறு' என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்தது அது. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் தள்ளுவது, பாசனத்துக்கு வேண்டியதை மற்ற மூன்றிலும் விடுவது. இந்த ஏற்பாடு ஒன்று புரிந்தால் அடுத்த பத்து நாளும் நீங்கள் தாண்டும் ஒவ்வொரு பாலமும் பேசும். தஞ்சைப் பெரிய கோயில் பக்கத்தில் ஓடுவதைக் காவிரி என்று நினைத்துப் படம் எடுத்துப் போகிறவர்கள் நிறைய. அது காவிரி இல்லை, இங்கே பிரிந்த புது ஆறு.

கல்லணையிலிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாற்றுக்குக் கரையோரச் சாலை. பஸ் குறைவு, காத்திருக்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் தஞ்சாவூரில் தங்கிக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டில் திருவையாறு டவுன் பஸ் ஏறுங்கள். புது பஸ் ஸ்டாண்ட் வேறு, பழைய பஸ் ஸ்டாண்ட் வேறு. ஆட்டோக்காரரிடம் எது என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் ஊரின் இன்னொரு முனையில் நிற்பீர்கள். அந்தப் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாலங்களை எண்ணுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பதினைந்து கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு. திருவையாறு என்ற பேருக்குப் பொருள் அப்போது புரியும். என் மகள் ஐந்தாவது பாலத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். அங்கே இறங்கியதும் பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வா வாங்கிச் சூடாகச் சாப்பிடுங்கள். ஜனவரியில் தியாகராஜ ஆராதனை நேரமானால் அறை கிடைப்பது கடினம்.

டவுன் பஸ் பழகாதவர்களுக்குச் சில விஷயம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்கள் பத்து, இருபது ரூபாய்த் தாளாக வைத்திருங்கள். ஐந்நூறு நீட்டினால் கண்டக்டர் சங்கடப்படுவார், இறங்கும்போது மீதி வாங்க மறந்துபோவீர்கள். பெரிய பையைத் தோளில் மாட்டியபடி நிற்காதீர்கள், பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும். ஏறியதும் கழற்றி, டிரைவர் பக்கத்தில் வைக்கலாமா என்று கேளுங்கள். நாற்பது லிட்டருக்கு மேல் பை எடுத்து வரவே வேண்டாம். இங்கே வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் போன் மாதிரிக் கருவிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல்.

தங்குமிடம் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால், லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும்; 'சி படிவம்' என்று வழக்கத்தில் சொல்வது இதைத்தான். சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. ஓர் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு, என் மகளுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மழை வேறு. அன்று பட்ட பாடு வேண்டாம் உங்களுக்கு. முன்கூட்டியே போன் செய்து, "வெளிநாட்டுப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட், விசா நகல் நாலைந்து கையில் இருக்கட்டும். வேளாங்கண்ணியில் பேராலயமே விடுதிகள் நடத்துகிறது.

திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் போகும் பஸ்தான் என் மனசுக்குப் பிடித்த வழி. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். பாபநாசம் வழியாகப் போகும் பெரிய சாலையில் சீக்கிரம் போகலாம், ஆனால் இது கிடைக்காது. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகளுக்குள் கேட்டுவிட்டுப் போகலாம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் அந்தத் தொழிலையே இங்கே பிடித்து வைத்திருக்கிறது.

கும்பகோணத்தில் மூன்று நாள் தங்குங்கள். காலையில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்ட கூட்டு மாதிரி இருக்கும், வேறு ஊரில் இந்த ருசி வராது. நடந்தே தாராசுரம் போய்விடலாம். தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்ந்தன, தஞ்சைப் பெரிய கோயில் 1987லேயே. கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் 12, 12.30க்கு நடை சாத்தி 4 மணிக்குத் திறக்கும். வெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடக்கக் குழந்தைகளால் முடியாது. காலை ஏழு மணிக்குப் போங்கள். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்கு வர நினைப்பவர்கள் இப்போதே அறை பார்க்கத் தொடங்கலாம்.

ஆற்றில் குளிப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் மணல் அள்ளிய பள்ளங்கள் அடியில் கிடக்கும். கொள்ளிடத்தில் நீச்சல் தெரிந்தவர்களே மூழ்கிப் போயிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில், படிக்கட்டோடு நின்று குளியுங்கள். இருட்டிய பின் வரப்பில் நடந்தால் கையில் டார்ச் வேண்டும், பாம்பு உண்டு.

பூர்வீக ஊரைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். தாத்தா "மாயவரம் பக்கம்" என்று மட்டும் சொல்லியிருப்பார். மாயவரம் என்றால் இப்போதைய மயிலாடுதுறை, 2020இல் தனி மாவட்டம் ஆனது. பஸ் போர்டில் மயிலாடுதுறை என்று இருக்கும், கண்டக்டர் "மாயரம்" என்றுதான் கூப்பிடுவார். ஒரே பெயரில் நாலைந்து ஊர் இருப்பதால், ஊர்ப் பெயரோடு பக்கத்து ஆறு, குலதெய்வம், அருகிலுள்ள பெரிய ஊர் இவற்றையும் விசாரித்துக்கொண்டு வாருங்கள். டீக்கடையில் வயதானவர் யாராவது இருந்தால், "ஐயா, எங்க தாத்தா இந்த ஊரு, கப்பல் ஏறிப் போனவங்க" என்று தொடங்குங்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ராஜூலா கப்பல் போன காலத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும். அது பெரும்பாலும் சாதியைக் கேட்பது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "தெரியலைங்கய்யா, அதைத் தேடித்தான் வந்தேன்" என்றால் பேச்சு நகர்ந்துவிடும். ஈழத்தவர்களை "சிலோனா?" என்று கேட்பார்கள், அதில் பிரியம்தான் இருக்கும்.

கிழக்கே கடற்கரைப் பக்கம் போக, தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் பாசஞ்சர் ரயில். முன்பதிவு வேண்டாம், கவுண்டரில் டிக்கெட். திருவாரூரில் ஆழித்தேரையும் கமலாலயக் குளத்தையும் பாருங்கள். அங்கிருந்து நாகை போகும் வழியில், கீழ்வேளூர் பக்கம் கீழ்வெண்மணிக்குப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. இந்த வயல்களின் பச்சையை ரசித்துக்கொண்டு வந்த நாம், அதில் இறங்கி நட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் திரும்பக் கூடாது. என் மகள் அங்கே கேட்ட கேள்விகளுக்கு எனக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்பட்டது.

நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் நாகையிலிருந்து டவுன் பஸ் தூரம். நாகூரின் உயர்ந்த மினாரைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. கூட்டம் பழகாதவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பருவநிலையைப் பொறுத்து நிற்கும் சேவை அது. யாழ்ப்பாணம் போக நினைப்பவர்கள் கப்பலை உறுதி செய்த பிறகே மற்ற டிக்கெட்டுகளை எடுங்கள்.

நேரம் இருந்தால் வேதாரண்யம் வரை போய், 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடத்தையும், கோடியக்கரையில் வெளிமான்களையும் பாருங்கள். பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி.

நாங்கள் கடைசி நாளைப் பூம்புகாருக்கு வைத்திருந்தோம். மயிலாடுதுறையிலிருந்து பஸ், ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. கல்லணையில் அவ்வளவு அகலமாகப் பார்த்த காவிரி, அத்தனை கிளைகளுக்கும் கொடுத்துவிட்டு, இங்கே ஒரு வாய்க்கால் அகலத்தில் கடலுக்குள் போகிறது. நடுவழியில் இறங்கிவிட்டவர்களுக்கு இது தெரியாது. முகத்துவாரத்தில் அலை இழுக்கும், குளிக்க இறங்காதீர்கள். மணலில் உட்காருங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு பஸ் குறைந்துவிடும், இறங்கும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.