கடைக்கு எந்த லைன்? பி.ஆர்.ஐ.யா, சிப் ட்ரங்கா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வியாபாரத்துக்கு டிஜிட்டல் ரெலிபோன் லைன் வேண்டும் என்று விசாரித்தால், நாலைந்து பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பெயர்களை ஒருபுறம் வைத்துவிட்டு ஒரு கொப்பியை எடுங்கள்.

படி 1: எண்ணுங்கள்

ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஓடுகின்றன என்று ஒரு கிழமைக்குக் குறியுங்கள். ஊழியர் தொகை இங்கே கணக்கில்லை. இருபது பேர் நிற்கும் அரிசி ஆலையிலும் நாலு பேர் ஒன்றாகப் பேசினாலே பெரிது. ஆனால் எண்ணுவதைக் காலபோக அறுவடை நேரத்தில் எண்ணுங்கள். ஓய்ந்த மாதத்துக் கணக்கு ஏமாற்றிவிடும்.

படி 2: பி.ஆர்.ஐ. தேவையா?

பி.ஆர்.ஐ. என்பது ரெலிபோன் கம்பனியிலிருந்து உங்களுக்கென்றே வரும், செக்கனுக்கு 2.048 மெகாபிட் வேகமுள்ள தனிப்பாதை. 64 கிலோபிட் வீதம் 32 துண்டுகள். அதில் 30 பேச்சுக்கு, ஒன்று நேர ஒழுங்குக்கு, ஒன்று அழைப்பைத் தொடக்கி முடிக்கும் சமிக்ஞைக்கு. இன்டர்நெட்டோடு இடிபடாததால் குரல் தெளிவு. நாலு அழைப்புக்காரருக்கு முப்பது எதற்கு? பெரிய வைத்தியசாலை, நிதி நிறுவனம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

படி 3: சிப் ட்ரங்குக்கு உங்கள் இணைப்பு தாங்குமா?

சிப் ட்ரங்கில் பேச்சு இன்டர்நெட் இணைப்பு வழியே டேட்டாவாகப் போகும். வேண்டிய அளவு சனலை (ஓர் அழைப்புக்கு ஒரு சனல்) மட்டும் வாங்கலாம். குரலை டேட்டாவாக்கும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட். எட்டு அழைப்புக்கு 700 அளவில். இறங்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள், நீங்கள் பார்க்கவேண்டியது ஏறும் வேகம். குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 முறை இருந்தால் 31 கிலோபிட் போதும், ஆனால் ஃபேக்ஸ் அதில் ஓடாது.

வேகத்தைவிட நிதானம் முக்கியம். கடை மும்முரமான நேரத்தில், குரல் சேவை தருபவரின் சேர்வருக்கு நீண்ட நேரம் பிங் (டேட்டாப் பொதி அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளக்கும் சோதனை) விட்டுப் பாருங்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லி செக்கனுக்குள், பொதி இழப்பு, அதாவது வழியில் தொலையும் பொதிகள், 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பிங் காட்டுவது போய்வரும் நேரம், பாதியாக்கிக் கொள்ளுங்கள். 4ஜி ரவுட்டரில் இது நேரத்துக்கு நேரம் மாறும், ஃபைபர் வரும் இடமென்றால் அதையே எடுங்கள். பிறகு ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். இல்லாவிட்டால் கமரா பதிவு மேலேறும் நேரமெல்லாம் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும்.

அழைப்புகளைக் கடைக்குள் பிரித்துவிடும் பெட்டியான பி.பி.எக்ஸ்., பழைய பி.ஆர்.ஐ. வகையில் இருந்தால் எறிய வேண்டாம். இடையில் ஒரு கேற்வே, அதாவது ஒன்றை மற்றதாக மாற்றித்தரும் பெட்டி, போட்டால் சிப்போடு பேசும்.

படி 4: கரண்ட் போனால்?

செம்புக்கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், அதனால் இருட்டிலும் மணி அடித்தது. ஃபைபரில் அது கிடையாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச், பி.பி.எக்ஸ். எல்லாமே யூ.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் லைன் செத்ததுதான். ட்ரங்க் விழுந்தால் அழைப்பு முதலாளியின் கைபேசிக்குத் திரும்பும்படி சேவை தருபவரிடமே ஒழுங்கு செய்யுங்கள்.

படி 5: பூட்டுங்கள்

சிப் வழமையாகப் பாவிக்கும் வாசலான 5060 போர்ட்டைத் தேடித் தட்டுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. 1001 என்ற எக்ஸ்ரென்சனுக்கு (கடைக்குள் ஒரு போனின் உள் இலக்கம்) 1001 என்றே கடவுச்சொல் வைத்தால், இரவோடிரவாக வெளிநாட்டுப் பில் ஏறும். வெளிநாட்டு அழைப்பை அடியோடு மூடுங்கள் என்பார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாதிச் சொந்தம் இருக்கும் வன்னியில் அது நடக்கிற காரியமா? ஒரேயொரு எக்ஸ்ரென்சனுக்குத் திறந்து, மாதத்துக்கு ஓர் உச்சத் தொகை வையுங்கள்.

கையெழுத்துப் போடமுன் இரண்டு கேள்வி: இப்போதுள்ள 021 அல்லது 024 இலக்கம் கூடவே வருமா? அறுவடைக்குச் சனல் கூட்டி, முடிந்ததும் குறைக்க விடுவார்களா?