ஏர் கூலர் போட்டும் புழுங்கியது: என் அனுபவம்

சென்னை தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. கத்திரி தொடங்கியதும் ஏர் கூலர் வாங்கினோம். முதல் அரை மணி நேரம் ஜில்லென்று இருக்கும். பிறகு பாய், தலையணை எல்லாம் பிசுபிசுத்து, உடம்பு புழுங்கும்.

தண்ணீரில் ஐஸ் போட்டேன், பயனில்லை. குளிர் வெளியே போகக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, சந்துகளில் துணி அடைத்தேன். இன்னும் மோசம். மெக்கானிக் வந்து, கூலரில் தண்ணீர் ஊறி நிற்கும் மெத்தையை (பேட்) மாற்றினார். நாலு நாள் இப்படியே போய்விட்டது.

ஐந்தாம் நாள் காலை அடுப்பு பற்றவைக்கப் போனால், தீக்குச்சி மருந்து நமுத்து உதிர்ந்தது. உப்பு ஜாடியிலும் தண்ணீர் கோத்திருந்தது. அப்போதுதான் உறைத்தது: கூலர் விட்ட ஈரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. தண்ணீர் ஆவியானால்தான் காற்று குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் அது சரியாக ஆவியாகாது.

கூலரின் முதுகை ஜன்னலோடு ஒட்டி, வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்தேன். ஈரம் வெளியேற எதிர்ப்பக்கக் கதவை ஒரு சாண் திறந்துவிட்டேன். மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் முற்பகலில் மட்டும் கூலரின் தண்ணீர் பம்பு ஓடும். ஈரமான கடற்காற்று வந்ததும் பம்பை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடுகிறேன். அன்றிரவு பிள்ளைகள் புரளாமல் தூங்கினார்கள். தீக்குச்சியும் இப்போது ஒரே உரசலில் பற்றுகிறது.