அடிமனை கோயிலுக்கு, வீடு உங்களுக்கு: வாங்குவதற்கும் விற்பதற்கும் முன்னால்

காரைக்குடியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. முகப்பு, வளவு, ஆத்தங்குடிக் கல் தரை எல்லாம் இருந்தும் அக்கம்பக்கத்து விலையில் பாதிதான் கேட்டார்கள். என் சித்தப்பா மகன் மறுநாளே முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டான். முதலில் பத்திர நகலை வாங்கி வா என்று நிறுத்தினேன். சொத்து விவரத்தின் கடைசி வரியில் இரண்டே சொற்கள்: ‘அடிமனை நீங்கலாக’. வீடு நிற்கும் மண் விற்பனையில் சேராது என்று பொருள். பாதி விலைக்குக் காரணம் அதுதான்.

செட்டிநாட்டு ஊர்களில் கோயில், சத்திரம், பாடசாலை, கட்டளை (கோயில் பூசைக்கான அறக்கொடை) ஆகியவற்றின் பெயரில் மனைகள் உண்டு. அந்தக் காலத்தில் மனையைக் குத்தகைக்கு எடுத்து, மேலே தம் செலவில் வீடு கட்டிக்கொண்டார்கள். மனைக்குக் கட்டும் வாடகையைப் ‘பகுதி’ என்பார்கள். இப்படிப்பட்ட வீட்டை விற்பவர் கட்டடத்தையும், குத்தகையில் மிச்சம் இருக்கும் உரிமையையும் மட்டுமே விற்கிறார். நிலம் கைமாறுவதில்லை. குத்தகை நிலத்தில் எழுந்த அடுக்ககத்தில் பிளாட் வாங்குபவருக்கும் கணக்கு இதேதான்.

முதல் படி: மண் யாருடையது?

வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் சர்வே எண்ணைக் கேளுங்கள். வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். நகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் தேவை. ‘அருள்மிகு’ என்று தொடங்கும் பெயரோ ‘தேவஸ்தானம்’ என்ற சொல்லோ கண்ணில் பட்டால் மேற்கொண்டு படியுங்கள். பதிவுத் துறையின் தளத்தில் அந்த எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு பூஜ்ஜியம் என்று இருந்தால், பெரும்பாலும் பத்திரப் பதிவைத் தடுக்க வைத்த அடையாளம் அது.

வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பு அட்டையும் விற்பவர் பெயரில்தான் இருக்கும். அவற்றை நீட்டி ‘எல்லாம் நம் பெயரில்தான்’ என்பார்கள். அவை கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், மண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது. அறுபது வருடமாகக் குடியிருக்கிறோம், நிலம் எங்களுக்கே சொந்தமாகிவிட்டது என்ற பேச்சும் வரும். கோயில் சொத்துகளுக்கான இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, கோயில் நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரம்பே கிடையாது. நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மனையை நாமே விலைக்குக் கேட்கலாமே என்பவர்களும் உண்டு. 1996ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் கோயில் நிலத்துக்குப் பொருந்தாது.

இரண்டாம் படி: குத்தகைப் பத்திரம்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். இது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. கோயில் நிலத்துக்கு இன்னொரு பூட்டும் உண்டு. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆணையரின் அனுமதி இல்லாவிட்டால் செல்லாது. அறங்காவலர் கையெழுத்திட்ட ‘99 வருடக் குத்தகை’ என்று ஒரு தாளைக் காட்டினால், அனுமதி ஆணையின் எண்ணையும் நாளையும் கேளுங்கள். எங்களிடம் காட்டிய தாளில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

பத்திரத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். குத்தகை எந்த நாளில் முடிகிறது? உரிமையை மற்றவருக்கு மாற்றத் தடை இருக்கிறதா? காலம் முடிந்தால் கட்டடம் என்னவாகும்? பத்திரம் வாய்மூடி இருந்தால், குத்தகைதாரர் தம் உரிமையை மாற்றலாம், காலி செய்யும்போது தாம் பதித்ததைப் பிரித்தெடுத்துக்கொண்டும் போகலாம் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும் பர்மா தேக்குத் தூண்களில் இப்படிப் பிரித்தெடுத்தவையும் இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் கோயில் குத்தகைகளில் பெரும்பாலும் எழுத்துமூல அனுமதியின்றி மாற்றக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அப்போது அந்த நிபந்தனைக்குத்தான் மதிப்பு.

காலம் முடிந்த குத்தகை இன்னும் ஆபத்து. குத்தகை முடிந்தபின் தங்கியிருப்பவரை அறநிலையச் சட்டத்தின் 78ஆம் பிரிவு ஆக்கிரமிப்பாளர் கணக்கில் சேர்க்கிறது. அந்த வீட்டை வாங்குபவர் பணம் கொடுத்து ஆக்கிரமிப்பாளர் ஆகிறார்.

மூன்றாம் படி: நிலுவை

கோயில் அலுவலகத்தில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ப் பதிவேடு இருக்கும். அந்த மனைக்கான பக்கத்தைப் பார்க்க விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதே சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி நியாய வாடகையை ஒரு குழு நிர்ணயிக்கிறது, மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. பழைய வாடகையைத் தவறாமல் கட்டியவர் பெயரிலும் புதிய வாடகைக்கான வித்தியாசம் பெரிய தொகையாக ஏறி நிற்கலாம். நிலுவை இல்லை என்று கடிதம் வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான்காம் படி: விற்க உரிமையுள்ளவர் யார்?

கோயில் பதிவேட்டில் இன்னும் ஐயாவின் (தாத்தாவின்) பெயரே இருக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்து, வீடும் அவர் சொந்தச் சம்பாத்தியம் என்றால் மகன்களைப் போலவே மகள்களுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்து என்றால் அந்தச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் மகள்களுக்குச் சம உரிமை தருகிறது. ஆச்சிமார் (வீட்டுப் பெண்கள்) யாரும் கேட்க மாட்டார்கள் என்ற உறுதிமொழியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும்.

நம் பக்கத்தில் பாதிப் பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். அவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்டு அனுப்பும் பொது அதிகார ஆவணத்துக்கு (பவர் பத்திரம்), இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். தபாலில் வந்த உறையையும் பத்திரமாக வையுங்கள், நாளுக்கு அதுவே சாட்சி. இன்னொன்று: 50 லட்சத்துக்குக் குறைவென்றால் வரி பிடிக்க வேண்டாம் என்ற விதி உள்நாட்டில் வசிக்கும் விற்பனையாளருக்கு மட்டும்தான். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் தொகை எதுவானாலும் வாங்குபவர் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: முன்பணத்துக்கு முன் அனுமதி

முன்பணம், ஒப்பந்தம், பிறகு அனுமதி என்றுதான் வழக்கமாகப் போகிறார்கள். இங்கே அனுமதியை முன்னால் கொண்டுவாருங்கள். பெயர் மாற்றத்துக்கு விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எழுத்துமூலம் விண்ணப்பிக்கட்டும். நகரத்தார் அறங்காவலர் நிர்வாகமானாலும் செயல் அலுவலர் நிர்வாகமானாலும் வாய்ச்சொல் போதாது. அவசரமென்றால், சிறு தொகை கொடுத்து, ‘அனுமதி கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் இத்தனை நாளில் திரும்பும்’ என்ற வரியோடு ஒப்பந்தம் எழுதுங்கள்.

விற்பவருக்கும் இது நல்லது. குத்தகை வீடு என்பதை மறைத்து விற்றால், பிற்பாடு வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போகலாம். முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

விலை பேசும்போது மனையின் சதுர அடிக் கணக்கை எடுக்கவே வேண்டாம். கட்டடத்தின் நிலை, மிச்சமுள்ள ஆண்டுகள், வரப்போகும் வாடகை இவைதான் விலை. வீட்டுக் கடனை நம்பித் திட்டம் போடாதீர்கள், மண்ணை அடமானம் வைக்க வழியில்லாத வீட்டுக்கு வங்கி எளிதில் பணம் தராது.

ஆறாம் படி: பதிவும் பிறகும்

கோயில் நிலம் தொடர்பான பத்திரத்தை அனுமதியின்றிப் பதிவு செய்யக்கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சார்பதிவாளரைத் தடுக்கிறது. பதிவாகவில்லையே, வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பத்திரத்தில் ‘மேல்கட்டடமும் குத்தகை உரிமையும் மட்டும்’ என்று தெளிவாக இருக்கட்டும். பதிவு முடிந்த வாரத்திலேயே வீட்டு வரியையும் மின் இணைப்பையும் மாற்றுங்கள். கோயில் அலுவலகத்தில் உங்கள் பெயரில் முதல் ‘பகுதி’ வாடகை ரசீது கைக்கு வரும்வரை விற்பவருக்குத் தரவேண்டிய கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள், இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சித்தப்பா மகன் அந்த வீட்டை வாங்கவில்லை. குத்தகை முடிந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.