பழைய வாஷிங் மெஷின் மேல் டிரையர்: ஓசூர் வாடகை வீட்டுக்கு ஓர் இரும்புச் சட்டம்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் துணி உலர்த்தும் டிரையருக்கு உண்மையான தேவை இருப்பது ஓசூர்ப் பக்கத்தில்தான் என்பது என் எண்ணம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில், ஐப்பசித் தூறலிலும் மார்கழிப் பனியிலும் இரண்டு நாள் கொடியில் கிடந்த சட்டையில்கூட ஈர வாடை போவதில்லை. தருமபுரியிலோ ஊத்தங்கரையிலோ ஆண்டின் பெரும்பகுதி மொட்டை மாடி வெயிலே காசில்லாமல் அந்த வேலையைச் செய்துவிடும். எனவே இந்தக் குறிப்பு, சமையலறைக்குப் பின்னால் மூன்றடிக்கு நான்கடி இடம் மட்டுமே உள்ள வாடகை வீட்டில், இரண்டாம் கையாக வாங்கிய சிறிய வாஷிங் மெஷினையும் டிரையரையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த விரும்புவோருக்கானது.

எப்போதும் வாஷிங் மெஷின் கீழே, டிரையர் மேலே. முன்பக்கம் கதவு உள்ள மெஷினின் உள்ளே அதிர்வை அடக்குவதற்காகக் கனமான எடைக்கட்டிகள் இருப்பதால், சிறிய மெஷினே 60 கிலோவுக்கு மேல் இருக்கும். டிரையர் ஏறக்குறைய அதில் பாதி. மேல்மூடி திறக்கும் மெஷின் இதற்கு ஒத்துவராது, ஏனெனில் மூடி திறக்கும் அளவுக்கு இடைவெளி விட்டால் டிரையரின் கதவு தலைக்கு மேல் போய்விடும்.

புதிய மெஷின்களுக்கு அந்தந்த நிறுவனமே இணைப்புச் சட்டம் விற்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய மாடலுக்கு அது கிடைப்பது அரிது. கிடைக்காதபோது ஒரு பிளைவுட் பலகையை நடுவில் வைத்து டிரையரை மேலே ஏற்றிவிடலாம் என்று பலருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. மூன்றாம் வாரம் ஒரு கனத்த போர்வையைப் பிழியும்போது டிரையர் நான்கு விரற்கடை முன்னால் நகர்ந்து நின்றதையும், மெஷினின் மேல் தகடு குழிந்திருந்ததையும் பார்த்த பிறகுதான், பழைய மெஷினின் தலையில் எதையும் ஏற்றக் கூடாது, டிரையரின் பாரம் தனிச் சட்டத்தின் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

சட்டம் செய்யக் கொடுப்பதற்கு முன் வாஷிங் மெஷினை மட்டும் பத்து நாள் ஓட்டிப் பாருங்கள். உள் டிரம்மைக் கையால் சுற்றும்போது கரகரவென்று ஒலித்தாலோ, மேலும் கீழும் அசைத்தால் ஆடினாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. டிரம்மைக் கீழே அழுத்திவிட்டால் ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே இருந்தால் அதிர்வுத் தாங்கிகளை மாற்றியாக வேண்டும். வீடு மாறும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் போட்ட போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்ற மறந்தவர்களும் உண்டு. அவற்றோடு ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நடக்கும்.

அடுத்தது தரை. துவைக்கும் இடத்தில் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்துத்தான் கொத்தனார் தளம் போட்டிருப்பார். அந்தச் சரிவை மெஷினின் கால்களைத் திருகியே முழுவதும் ஈடுகட்ட முயன்றால் கால்கள் நீண்டு ஆட்டம் அதிகமாகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒதுக்கிப் போட்ட துண்டு ஒன்றை வாங்கி, சிமென்ட் கலவை மேல் ரசமட்டம் பார்த்துப் பதித்துவிட்டால் நல்ல மேடை கிடைக்கும். பளபளப்பான பக்கத்தைக் கீழே வையுங்கள்; சொரசொரப்பான பக்கம் மேலே இருந்தால்தான் மெஷினின் கால் வழுக்காது.

சட்டத்தை 40 மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்பில், அக்கம்பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். வழக்கமான மெஷின் 60 சென்டிமீட்டர் அகலமும் 85 உயரமும் இருக்கும் என்றாலும், உங்கள் மெஷினை அளந்த பிறகே அளவு சொல்லுங்கள். உள் அகலம் மெஷினைவிட 6 சென்டிமீட்டர் கூடுதலாகவும், டிரையர் உட்காரும் தட்டின் அடிப்பாகம் மெஷினின் தலையிலிருந்து 5 சென்டிமீட்டர் மேலேயும் இருந்தால், பிழியும்போது மெஷின் சட்டத்தில் இடிக்காது. மேல் தட்டில் ஆங்கிளின் ஒரு விளிம்பு மேல்நோக்கி நிற்கும்படி வெல்டிங் செய்யச் சொன்னால், டிரையர் நழுவாமல் அதுவே வரம்பாகிவிடும். பின்பக்கம் ஒரு குறுக்குச் சாய்வுக் கம்பி அவசியம். முன்பக்கம் அடியில் குறுக்குக் கம்பி கூடவே கூடாது, ஏனெனில் பழுது பார்க்க மெஷினை வெளியே இழுக்க வேண்டிய நாள் நிச்சயம் வரும். ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் எனாமல் அடித்த பிறகு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மொத்த உயரம் ஐந்தரையடிக்கு மேல் போகும் என்பதால், பரண் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் டிரையரின் குமிழ் வீட்டுப் பெரியவர்களுக்கு எட்டுமா என்பதையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

சட்டத்தைச் சுவரோடு பிணைக்காமல் விடக் கூடாது. வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு, சுவரைத் தட்டிப் பாருங்கள். செங்கல் சுவரென்றால் ஆங்கர் போல்ட் பிடிக்கும். இப்போது கட்டும் பல வீடுகளில் இருக்கும் ஹாலோ பிளாக் சுவரில் அது உள்ளே வெற்றிடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்; அங்கே சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, தகடு வைத்து நட்டுப் போடுவதே நம்பகமானது. சட்டம் அசையாமல் நின்ற பிறகு, இரண்டு பேர் சேர்ந்து டிரையரைத் தூக்கி ரப்பர் துண்டுகளின் மேல் அமர்த்தி, கடைசியாக வாஷிங் மெஷினைச் சட்டத்துக்குள் தள்ளி நிறுத்துங்கள்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். டிரையர் 2000 வாட் அளவிலும், வெந்நீர் ஹீட்டர் வேலை செய்யும்போது வாஷிங் மெஷினும் ஏறக்குறைய அதே அளவிலும் இழுக்கும். இரண்டையும் ஒரே 16 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக மாட்டினால் அது 17 ஆம்பியரைத் தாண்டும். தனித்தனி இணைப்பும் சரியான எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் வேண்டும். தனி இணைப்புக்கு வழியில்லையென்றால் ஒன்று முடிந்த பிறகே மற்றதை ஓட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த 120 வோல்ட் சிறிய டிரையர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை அந்த டிரையருக்கு வேண்டிய 60 ஆக்காது. மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடாகும்.

மாடிப் போர்ஷனில், தண்ணீர்த் தொட்டி நேர் மேலே இருந்தால் அழுத்தம் போதாது. பத்தடி உயர வேறுபாடு ஏறக்குறைய 0.3 பார் அழுத்தம்தான் தரும்; பல மெஷின்களுக்கு அதுவே கீழெல்லை. கழிவுநீர்க் குழாயின் வாய் தரையிலிருந்து இரண்டடிக்குக் குறையாமல் மேலே நிற்க வேண்டும்; தாழ்ந்தால் நிரம்பும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும்.

ஐந்து கிலோ துணியில், பிழிந்த பிறகும் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். வெளிக்காற்றுக் குழாய் வகை டிரையர் அவ்வளவையும் ஆவியாக வெளியே தள்ளும். அதை மூடிய அறைக்குள் விட்டால் ஒரே மாதத்தில் சுவரில் பூஞ்சை பிடிக்கும். நான்கங்குல அலுமினியக் குழாயை, வளைவு குறைவாக, திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள். பழைய டிரையரின் பின்மூடியைத் தொழில்நுட்பர் ஒருவரைக் கொண்டு கழற்றி, உள்ளே அடைந்திருக்கும் பஞ்சை மேலே ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சிப்காட் தொழிற்சாலைகளில் மெஷின் எண்ணெய் படிந்த சீருடைகளை, எவ்வளவு துவைத்திருந்தாலும், டிரையரில் போடக் கூடாது. இழைக்குள் தங்கிய எண்ணெய் சூட்டில் தீப்பற்றக்கூடும். அவற்றை எத்தனை நாளானாலும் கொடியிலேயே காய விடுங்கள்.